இக்னேசியஸும் ரொறன்ரோவின் கதவுகளும்

இக்னேசியஸ் கடன் கட்ட வழியில்லை என்று வங்குரோத்துப் பத்திரத்தில் கையெழுத்து வைத்த அன்று பின்னேரத்திலிருந்து ரொறன்ரோவில் எந்தத் தானியங்கிக் கதவும் அவருக்குத் திறக்கவில்லை. அது 2021ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கையெழுத்து வைத்த கந்தோரில் இருந்து கீழே இறங்கி வந்தால் கண்ணாடிக் கதவு அசையாமல் நிற்கிறது. ஒரு அடி பின்னால் போய்த் திரும்ப வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றி ஆட்டிப் பார்த்தார். கதவுக்கு மேலே கறுப்புக் கண் மாதிரி இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது செய்வதுபோலக் கையைத் தூக்கினார். அது அவரைக் கவனிக்கவே இல்லை. கடைசியில் யாரோ ஒரு சீமாட்டியின் சின்ன நாய் முன்னால் ஓடி வந்தது. கதவு நாய்க்குத் திறந்தது. நாய்க்குப் பின்னால் இக்னேசியஸ் வெளியே வந்து சேர்ந்தார்.

அவர் கலியாண மண்டபங்களுக்குக் கதிரை உறை வாடகைக்கு விட்ட மனிதர். நானூறு வெள்ளை உறை, அதற்குப் பின்னால் பூமாதிரிக் கட்ட நானூறு தங்கநிறப் பட்டி, எல்லாவற்றையும் தோய்த்து மினுக்க இரண்டு ஆட்கள். கொரோனா வந்து மண்டபங்களைப் பூட்டியபோது, அடுத்த மாதம் திறக்கும், அடுத்த மாதம் திறக்கும் என்று ஏழு கடனட்டைகளில் காசு எடுத்து, ஒன்றின் வாயை இன்னொன்றால் அடைத்தார். மண்டபங்கள் ஒருவழியாகத் திறந்தபோது சனம் உறை போடாத கதிரைக்கு மாறிவிட்டிருந்தது. வீடு போனது, சாமான் ஏற்றும் வான் போனது, மனைவி வேரோனிக்காவையும் மகள் றஜிதாவையும் கூட்டிக்கொண்டு ஸ்காபரோவில் மைத்துனர் யோசப்பின் நிலக்கீழ் அறைக்குக் குடிபோனார்.

ஊர்ச்சனம் இந்தக் கதவு விஷயத்தைப் பெரிதாக எடுக்கவில்லை. சிலருக்குச் சீனி, சிலருக்குப் பிரஷர், இக்னேசியஸுக்குக் கதவு என்று பேசிக்கொண்டார்கள். மரக்கறிக் கடையில் காசு வாங்கும் பெண் அவரைக் கண்டால் வெளியே வந்து கூட்டிக்கொண்டு போவாள். பஸ்ஸின் பின்கதவு திறக்காததால் அவர் எப்போதும் முன்கதவால் இறங்கினார். வேரோனிக்காவின் பெயர் பத்திரத்தில் இல்லாததால் அவருக்கு எல்லாக் கதவும் வழக்கம்போலத் திறந்தது. முப்பத்தொரு வருஷமாக மனைவிக்குப் பத்தடி முன்னால் நடந்து பழகிய மனிதர், இப்போது மனைவியின் குளிர்ச்சட்டைப் பட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். "இஞ்சேரப்பா, ஒட்டி வாங்கோ, உது மூடப்போகுது" என்று வேரோனிக்கா திரும்பிப் பார்க்காமலே சொல்லுவார். அந்தக் குரலில் துக்கம் இருந்தது என்று சொல்ல முடியாது.

அடுத்த ஆவணியில் வங்குரோத்திலிருந்து அவரை விடுவித்துக் கடிதம் வந்தது, கதவுகளுக்கு அது போதவில்லை. அதே மாதம் விட்பியில் இருந்து றெமிஜியஸின் வீட்டார் றஜிதாவைக் கேட்டு வந்தார்கள். பெடியன் நல்ல பெடியன், படிப்பு முடிய வேண்டும், ஆகவே கலியாணம் 2025ஆம் ஆண்டு மே மாதக் கடைசிச் சனி என்று முடிவானது. அவர்கள் போனபிறகு வேரோனிக்கா கணவனைப் பார்த்துத் தன் சட்டத்தைச் சொன்னார். பொம்பிளை தகப்பன் வீட்டிலிருந்துதான் கோயிலுக்கு வெளிக்கிட வேண்டும். வாசலில் முழங்காலில் இருக்கும் பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் நெற்றியில் சிலுவை போட்டு, தகப்பன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவர வேண்டும். மாமன் வீட்டு நிலக்கீழ் அறையின் பக்கக் கதவால், குப்பைப் பெட்டி இரண்டுக்கும் நடுவால், தன் பிள்ளை வெளிக்கிடாது. யோசப் பெரிய மனதோடு முன்கதவைத் தருவதாகச் சொன்னார். "அது உங்கட கதவு அண்ணை" என்றார் வேரோனிக்கா. அவ்வளவுதான் பேச்சு.

ஆக இக்னேசியஸுக்குத் தன் பெயரில் ஒரு வாடகை வீடு வேண்டும். எந்தக் கட்டடத்தில் கேட்டாலும் முதலில் கடனைச் சொன்னபடி கட்டுகிறவரா என்று காட்டும் ஸ்கோரைக் கேட்டார்கள், அறுநூற்றைம்பதுக்கு மேலே வேண்டும் என்றார்கள். அவரிடம் இருந்த இலக்கத்தை அவர் யாருக்கும் சொல்லவில்லை. மார்க்கம்-எக்ளின்ரன் சந்தி வங்கியில் அவருக்கு ஒரு பிணைக் கடனட்டை கொடுத்தார்கள். அதாவது, அவருடைய சொந்தக் காசு ஐந்நூறு டொலரை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, அதே ஐந்நூறு டொலர் வரைக்கும் அவரை நம்பும் அட்டை. வேரோனிக்கா அதை மடுமாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்து நவநாள் சொன்னார். இக்னேசியஸ் அதற்குக் கண்ணாடிப் பேப்பரில் உறை தைத்தார், உறை தைப்பது அவருக்குக் கைவந்த வேலை. வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பிறந்த பிள்ளையைக் காட்டுவதுபோல அட்டையைக் காட்டினார்கள். தொட விடவில்லை. ஒரு சதம் அதில் எடுக்கவும் இல்லை. நம்பித் தந்ததைத் தொடாமல் வைத்திருப்பதுதான் நாணயம் என்று அவரும் நினைத்தார், அவரைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் நினைத்தார்கள். ஏழு மாதம் போனது. ஒரு கதவும் ஒரு மயிரிழை அசையவில்லை.

வங்கியில் இருந்த நடாஷா என்ற பிள்ளை, இங்கேயே பிறந்தவள், கணினியைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். "அங்கிள், நீங்கள் கார்ட்டை யூஸ் பண்ணவே இல்லை. Like, never. நீங்கள் இருக்கிறீங்களா இல்லையா எண்டே எங்களுக்குத் தெரியாது."

"கடன் வாங்காதவன்தானே பிள்ளை நல்ல மனிசன்."

"இல்லை அங்கிள். கொஞ்சமா வாங்கி, சொன்ன நாளில குடுக்கிறவர்தான் நல்ல மனிசன்."

இக்னேசியஸ் அன்றைக்கே மரக்கறிக் கடைக்குப் போய் இரண்டு டொலர் நாற்பத்தொன்பது சதத்துக்கு ஒரு பிடி கறிவேப்பிலை வாங்கினார். அட்டையை மெஷினில் வைத்தும் எடுத்தும் அவர் பட்ட பாட்டைக் கண்டு காசு வாங்கும் பெண் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள். வெளியே வந்த கையோடு பஸ் பிடித்து வங்கிக்கு ஓடி, மூன்று டொலரைக் கட்டினார். மாதக் கணக்கு வந்தபோது வங்கிதான் அவருக்கு ஐம்பத்தொரு சதம் கடன்பட்டிருந்தது. கதவுகள் அசையவில்லை. நடாஷா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அங்கிள், பில் வருமட்டும் பொறுங்கோ. கொஞ்ச நாளைக்குக் கடன்காரனா இருங்கோ." அடுத்த கறிவேப்பிலைக் கட்டோடு அவர் இருபத்தொரு நாள் கடன்காரனாக வாழ்ந்தார். சோறு இறங்கவில்லை. பூசைக்குப் போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்தார். கறிவேப்பிலையைக் கறியில் போட வேரோனிக்காவை விடவில்லை, முதலில் காசைக் கட்டுவோம் என்றார். பில் வந்தது, கட்டினார், மறுநாள் கோப்பிக்கடைக் கதவு அவரைக் கண்டு இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தது.

இரண்டு விரல்தான். ஆனால் அந்த இடைவெளியால் கோப்பி மணம் வந்தது, அவர் அங்கேயே நின்று அதை மணந்துவிட்டு, உள்ளே போகாமலே சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தார். அதற்குப் பிறகு மாதத்துக்கு மாதம் கதவுகள் அகன்றன. பால், பாண், பஸ் காசு, வேறொன்றும் இல்லை, சொன்ன நாளில் கட்டினார். ஒரு வருஷம் முடியும்போது நண்டுபோலப் பக்கவாட்டாக உள்ளே போக முடிந்தது. வங்கி அவருடைய ஐந்நூறைத் திருப்பித் தந்து, சும்மாவே அவரை ஆயிரத்துக்கு நம்பியது. பெரிய பல்பொருள் கடை ஒன்று இரண்டாவது அட்டை கொடுத்தது. அந்த மாதம் ஆஸ்பத்திரிக் கதவு முழுதாகத் திறந்து அவருக்காக நின்றது, அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லாதபடியால் வாசலில் நின்று நன்றி சொல்லிவிட்டு வந்தார். கதவுகள் திறந்தபிறகும் அவர் வேரோனிக்காவுக்குப் பின்னாலேயே நடந்தார். பழகிவிட்டது, காற்றும் குறைவு என்றார்.

சந்தோஷம் கூடினால் தமிழனுக்கு ஒன்று போதாது. 2025 தை மாதம், இரண்டு அட்டை இவ்வளவு திறந்தால் ஏழு அட்டை எவ்வளவு திறக்கும் என்று கணக்குப் போட்டு, ஒரே நாளில் ஐந்து அட்டைக்கு விண்ணப்பம் போட்டார். ஐந்து கம்பனியும் ஒரே கிழமையில் அவரைப் பற்றி விசாரித்தன. அந்த விசாரிப்பாலேயே ஸ்கோர் அறுநூற்றுப் பன்னிரண்டுக்கு விழுந்தது. கதவுகள் அவரைக் கண்டால் திறக்கும், பாதி உள்ளே போனதும் யோசித்துப் பார்த்து மூடும். சட்டைப் பொத்தான் மூன்று போனது. பஸ்ஸின் பின்கதவு அவருடைய கம்பளிச் சால்வையைக் கவ்விக்கொண்டு லோறன்ஸிலிருந்து கெனடி வரைக்கும் போனது. கலியாணத்துக்கு நாலரை மாதம் இருந்தது. வேரோனிக்கா ஏசவில்லை. அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுக்கும்போது பொம்பிளை வீட்டு விலாசம் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விடச் சொன்னார். ஏச்சாக இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

அவர் வேறு ஒன்றும் செய்யாமல் காத்திருந்தார். அது எவ்வளவு பெரிய வேலை என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். பால், பாண், பஸ் காசு. பில் வரும், கட்டுவார். பங்குனி போனது. சித்திரை நடுவில் ஒரு வியாழக்கிழமை, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு கட்டடத்தில் வீடு காலி என்று கேள்விப்பட்டுப் போனார். தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸால் இறங்கியதும் இந்தப் பக்கத்தில் கட்டடத்தின் கண்ணாடிக் கதவு விரியத் திறந்தது. அவர் சிவப்பு விளக்கு மாறும்வரை நின்றார். கதவும் நின்றது. மனேஜர் பெண், போர்த்துக்கீசக்காரி, காற்று என்று நினைத்து வெளியே வந்து பார்த்தாள், காற்று இல்லை, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு மனிதர் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். பதினொரு வருஷமாக இந்தக் கதவு தனக்கே ஒழுங்காகத் திறந்ததில்லை என்று அவரிடம் குறைப்பட்டாள். பிறகு கணினியில் பார்த்தாள். அறுநூற்று அறுபத்துமூன்று. பத்தொன்பதாம் மாடி, இரண்டு அறை, மே முதலாம் திகதியிலிருந்து. அவர் கையெழுத்து வைக்கும்போது பக்கத்தில் இருந்த கோப்பு அலுமாரி தன்பாட்டில் திறந்துகொண்டது. அவள் காலால் தள்ளி மூடிவிட்டு அடுத்த பக்கத்தைக் காட்டினாள்.

கலியாணக் காலையில் அந்த இரண்டு அறைக்குள் நாற்பது பேர் நின்றார்கள். றஜிதா வாசலில் முழங்காலில் இருந்தாள். வேரோனிக்கா நெற்றியில் சிலுவை போட்டார், அழமாட்டேன் என்று சொல்லியிருந்தவர் அழுதார். இக்னேசியஸ் சிலுவை போட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துத் தூக்கி, கதவின் குமிழை நோக்கிக் கையை நீட்டினார். தொடவில்லை. கதவு திறந்தது. அதோடு பத்தொன்பதாம் மாடியின் மற்ற இருபத்தொரு கதவும் திறந்தன. அவை கையால் திறக்கும் கதவுகள், பூட்டுப் போட்டவை, ஆனாலும் திறந்தன. இரவு வேலை முடித்து வந்த பிலிப்பினோ தாதி, பல் தீட்டிக்கொண்டிருந்த எரித்திரியக் கிழவர், நேபாளப் பெடியள் நாலு பேர் எல்லாரும் உடுத்த உடுப்போடு வாசலில் நின்றார்கள். நடைபாதை முடிவில் மூன்று லிப்டும் ஆளில்லாமல் வாயைத் திறந்தபடி நின்றன. கிழவர் பிரஷை வாயில் இருந்து எடுத்துவிட்டுக் கைதட்டத் தொடங்கினார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

"அப்பா, everybody's looking" என்றாள் றஜிதா.

"பாக்கட்டும் பிள்ளை. இது எங்கட வீடு."

இப்போது றஜிதாவும் றெமிஜியஸும் விட்பியில், எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு புதுத் தெருவில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இக்னேசியஸும் வேரோனிக்காவும் அங்கே போவார்கள். கார் தெருமுனையில் திரும்பும்போது அந்தத் தெருவின் முப்பத்திரண்டு கராஜ் கதவுகளும் ஒன்றாக மேலே எழும். உள்ளே சைக்கிள்களும் குளிர்காலக் கார்ச் சில்லுகளும் ஒரு வீட்டில் விற்காமல் கிடக்கும் கதிரைகளும் தெரியும். முதல் மாதம் சனம் நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தது. இப்போது எடுப்பதில்லை. வெளியே வந்து, காருக்குக் கையைக் காட்டிவிட்டு, பொத்தானை அமத்தி மூடிக்கொண்டு போகிறார்கள். றஜிதா அந்தச் சத்தம் கேட்டதும் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாள்.