முதலிடத்தின் பின்பக்கம்

கணக்கெடுக்க வந்தவர்கள் யாரைக் கேட்டிருப்பார்கள்? மணி அடித்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தவளையா, உள்ளே உட்கார்ந்தபடி 'யாருன்னு பாரு' என்றவளையா? திறந்தவளிடம் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். 'வீட்ல பெரியவங்க இருக்காங்களா' என்றிருப்பார்கள். அவளும் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பியிருப்பாள். அதற்குப் பிறகு கூடத்தில் சொல்லப்பட்டதெல்லாம் சேர்ந்து ஒரு நகரத்துக்கு முதலிடம் கிடைத்திருக்கும்.

கழுவிய டம்ளர்களைத் துடைத்தபடி இப்படி யோசித்துக்கொண்டிருந்தாள் அவள். கூடத்தில் அத்தான் கைபேசியைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். நாட்டில் வாழச் சிறந்த நகரங்களின் பட்டியல். காற்று, தண்ணீர், மருத்துவமனை, பூங்கா, இருட்டிய பிறகும் பெண்கள் தனியாக நடக்கக்கூடிய தெரு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண். அக்காவும் அத்தானும் இருக்கும் நகரம் இந்த முறையும் முதலிடம். அத்தான் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே இறங்கினார். எதைத் தேடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பட்டியலின் அடியில், அதற்குக் கீழே வேறு எதுவும் இல்லாத இடத்தில், இந்த ஊர் இருந்தது.

"கீழேருந்து எண்ணிப் பாருங்க சகலை, நாங்கதான் ஃபர்ஸ்ட்டு," என்றான் அவள் கணவன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு பாதியில் இருமலாக மாறி, முடிய வெகுநேரமானது. அது முடியும்வரை அக்கா தன் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பட்டியல் பொய் சொல்லவில்லை. சிமென்ட் ஆலையின் புகைபோக்கிக்குக் கீழே இருக்கிற ஊர் இது. கணவனுக்கு மூட்டை கட்டும் பிரிவில் வேலை. அவளுக்குக் கடைத்தெருவில் இருக்கும் கண் டாக்டரிடம் உதவியாளர் வேலை. காலையில் கிளினிக் ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு யாராவது படியில் உட்கார்ந்திருப்பார்கள். இமையைப் புரட்டிப் பிடித்துத் தண்ணீர் விட்டுக் கழுவுவாள். 'தேய்க்காதீங்க, தேய்க்காதீங்க' என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது. இந்த ஊரில் துணியை வெளியே காயப்போட முடியாது. மழை பெய்த மறுநாள் மட்டும் மரங்கள் பச்சையாகத் தெரியும். மகளுக்கு ஐந்து வயதிலிருந்தே இழுப்பு. மூச்சுக்கு இழுக்கும் மருந்துக்குழல் எப்போதும் அவள் பையில் இருக்கும். மகளின் மூச்சு நின்றுவிடக்கூடாது என்று அதை எண்ணிக்கொண்டே தூங்கப் பழகியவள் அம்மா. இந்த ஊருக்காக வாதாட அவளிடம் ஒரு சொல்கூட இல்லை.

அக்காவும் அத்தானும் பட்டியல் படித்துக் காட்ட வரவில்லை. மகள் பள்ளி முடித்துவிட்டாள். கட்டடக் கலை படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த நகரத்தில் அதற்குப் பெயர்பெற்ற கல்லூரி இருந்தது. அங்கே அத்தான் சொன்னால் நடக்கும். மகளை அக்கா வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதாகச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்திருந்தார்கள். இன்று சாயந்திரமே கூடவே அழைத்துப்போகவும் தயாராக இருந்தார்கள். மதியம் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அதைக் கேட்ட கணவன், கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டான். அவன் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். மகள் சாப்பிடவே இல்லை. அவள் ஏற்கனவே போய்விட்டவள்போல இருந்தாள்.

அவளுக்கும் ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது உண்மை. அந்த நல்ல காற்றில் மகள் படுத்துத் தூங்குவதை ஒரு கணம் பார்த்துவிட்டாள்.

அதன் பிறகுதான், கை கழுவிக்கொண்டே, அக்கா மகளைப் பார்த்துச் செல்லமாகக் கேட்டாள். "ஏன் பாப்பா, ராத்திரி கூப்பிட்டா எந்திரிப்பியா? இல்ல, இடி விழுந்தாலும் உருண்டு படுக்கற ரகமா?"

"எந்திரிச்சிடுவேன் பெரியம்மா. எனக்குச் சின்னச் சத்தம் போதும்."

"அப்பாடா. எங்க மாமியார் விழுந்து இடுப்பு எலும்பு போனதிலேருந்து ராத்திரி மூணு தடவையாவது புரட்டிப் படுக்கவைக்கணும். ஆள் வச்சா நிக்க மாட்டேங்குறாங்க. ரெண்டு பேர் போயாச்சு. நீ ஒண்ணும் செய்ய வேணாம். பக்கத்துல படுத்துக்கிட்டா போதும். நம்ம வீட்டுப் பொண்ணுன்னா அவங்களுக்கும் கூச்சமிருக்காது."

பத்தொன்பது வயதில் அவளிடமும் அக்கா இதே கேள்வியைக் கேட்டாள். ராத்திரி கூப்பிட்டா எந்திரிப்பியா. அப்போது அக்காவுக்கு முதல் பிரசவம். மருந்தாளுநர் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மூணு மாசம்தானே, அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம் என்றாள் அவர்கள் அம்மா. மூன்று மாதம் என்பது முதல் குழந்தை நடக்கும்வரை என்றானது. பிறகு இரண்டாவது பிறந்தது. மூன்று வருடம் கழித்து அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுதான் திரும்பி வந்தாள். அதற்குள் அந்தப் படிப்பு யாருக்கும் நினைவில் இல்லை. அவளும் நினைவுபடுத்தவில்லை.

அக்கா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம். தான் சாப்பிட்டதையே அவளுக்கும் போட்டாள். தனக்கு எடுத்த துணியிலேயே அவளுக்கும் எடுத்தாள். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை. 'வெளில போயிட்டு வாயேன்டி, யாரு வேணாங்குறா' என்று அடிக்கடி சொல்லுவாள். போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எப்போது போவது என்பதையும் யாரும் சொல்லவில்லை. குழந்தை தூங்கினால் துணி இருந்தது, துணி முடிந்தால் குழந்தை எழுந்தது. அந்த நகரத்தில் அவளுக்குக் கிடைத்தது பின்பக்கத்து பால்கனி. அங்கே துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் அவள் படுக்கை. அங்கிருந்து பார்த்தால் அடுத்த கட்டடத்தின் முதுகு. மேலிருந்து கீழ்வரை கழிவுநீர்க் குழாய்கள், வெளியே நீட்டிக்கொண்டு சொட்டும் ஏசி பெட்டிகள், எல்லா மாடியிலும் ஒரு பால்கனி, எல்லா பால்கனியிலும் சுருட்டி வைத்த ஒரு பாய். எதிர்ப் பாய்க்காரிகளில் ஒருத்தியோடு அவளுக்குக் கையசைக்கும் பழக்கம் இருந்தது. பேசியதில்லை. முதலிடம் வாங்கித் தந்த ஏரிக்கரை நாலு தெரு தள்ளி இருந்தது. ஒரே ஒரு தடவை காரில் போனார்கள். குழந்தை அவள் தோளில் வாந்தியெடுத்ததால் துடைத்துக்கொண்டே திரும்பிவிட்டாள். அந்த ஏரியை அவள் முழுதாகப் பார்த்தது இந்தப் பட்டியலோடு வந்த படத்தில்தான்.

'மூணு வருஷம் ராணி மாதிரி வச்சிருந்தேன்' என்று அக்கா எல்லா வீட்டு விசேஷத்திலும் சொல்லுவாள். அவள் தலையாட்டுவாள். சொந்த அக்கா வீட்டில் வேலைக்காரியாக இருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? வேலைக்காரிக்காவது மாதம் முடிந்தால் 'நாளையிலேருந்து வரலை' என்று சொல்லும் உரிமை உண்டு.

துடைத்த டம்ளர்களை எடுத்துக்கொண்டு, காபி கலக்கும் சாக்கில் அவள் அடுப்படிக்குள் வந்தாள். மகள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, ப்ளீஸ். மூஞ்சிய அப்படி வச்சுக்காத. பெரியம்மா பார்க்குறாங்க."

"ராத்திரி மூணு தடவை எழுப்புவாங்கடி. காலையில காலேஜ்ல எப்படி உக்காருவ?"

"எழுப்பட்டுமே. இங்க மட்டும் தூங்குறேனா? இங்க இருமல் எழுப்புது."

அவள் பாலை அடுப்பில் வைத்தாள்.

"நீதானே அங்க ராணி மாதிரி இருந்தேன்னு..."

"நான் சொல்லலை. பெரியம்மா சொன்னது."

"நீ இல்லேன்னும் சொல்லலையே," என்றாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை. "உனக்கு அங்க பிடிக்கலைன்னா அது உன் விஷயம்மா. நீ வாயைத் திறக்க மாட்ட. நான் திறப்பேன். நான் ஒண்ணும் நீ கிடையாது."

அன்று அக்கா வீட்டுக்குப் புறப்படும்போது அவளும் அப்படித்தான் நினைத்தாள், தன் அம்மாவைப்போல இல்லை என்று. வாயைத் திறப்பதற்கு எதிராளி ஏதாவது தப்பு செய்ய வேண்டும். புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லும் ஒரு கிழவியிடம், 'பாவம், படிக்கிற பிள்ளை' என்று பால் ஆற்றிக் கொடுக்கும் ஒரு பெரியம்மாவிடம், எதைச் சொல்லி வாயைத் திறப்பது? இதை மகளுக்கு விளக்க முடியுமா என்று பார்த்தாள். பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தாள்.

கூடத்துக்கு வந்து காபியை வைத்தபோது, எல்லோரும் ஓய்ந்திருந்த ஒரு இடைவெளியில் சொன்னாள். "பாப்பா வரட்டும்க்கா. அந்த காலேஜ்லயே சேரட்டும். ஆனா ஹாஸ்டல்ல இருக்கட்டும். லீவுல உங்க வீட்டுக்கு வரட்டும்."

அக்கா சிரித்தாள். "என்னடி இது, வீடு இருக்கறப்ப ஹாஸ்டலா? நாலு பேர் என்னையத்தானே கேப்பாங்க?"

"சகலைதான் விவரமானவர், நீங்களே சொல்லுங்க," என்று அத்தான் கணவனைப் பார்த்துத் திரும்பினார். குரல் முன்னைவிட மரியாதையாக இருந்தது. "நான் ஒருத்தர்கிட்ட போய் நிக்கணும்னா ஒரு பாத்தியதை வேணும்ல? எங்க வீட்ல வளர்ற பொண்ணுன்னா கேக்கலாம். ஹாஸ்டல் பொண்ணுக்கு நான் யாருன்னு சொல்றது?"

"அவ கிடக்குறா சகலை. எந்த நேரத்துல என்ன பேசணும்னு தெரியாது." கணவன் அவளைப் பார்க்கவில்லை. "பீரோச் சாவிய எடுத்துக் குடு. சர்ட்டிபிகேட்டெல்லாம் அண்ணிகிட்ட குடுத்துடலாம். பாப்பா துணிமணிய எடுத்து வைக்கட்டும்."

சாவி அவள் கையில்தான் இருந்தது. எப்போது எடுத்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. மறுத்தால் என்ன ஆகும் என்று தெளிவாகத் தெரிந்தது. அந்த இடம் போகும். கணவன் பல நாள் பேசமாட்டான். மகள் இந்தப் புகையிலேயே கிடந்து மூச்சுக்கு இழுக்கும் ஒவ்வொரு ராத்திரியும் அம்மாவின் கணக்கில் சேரும். பத்து வருடம் கழித்தும் 'உன்னாலதான்' என்பாள். அது நியாயமாகவும் இருக்கும். கொடுத்துவிட்டால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. மூன்று வருடமோ ஐந்து வருடமோ கழித்து மகளும் தலையாட்டப் பழகியிருப்பாள்.

"குடுடி," என்று அக்கா உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். "உனக்குச் செஞ்ச மாதிரி இவளுக்கும் செய்யப்போறேன். என்ன யோசனை?"

"வேண்டாம்க்கா," என்றாள் அவள்.

காபி வேண்டாம் என்பதுபோலத்தான் சொன்னாள். அதனால் ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு கணவன் எழுந்தான். எதையோ சொல்ல வந்தவனை இருமல் பிடித்துக்கொண்டது. மகள் அறைவாசலிலிருந்து நேராக வந்து அவளுக்கும் பீரோவுக்கும் நடுவில் நின்றாள். எப்போது அம்மாவைவிட உயரமானாள்? அவளும் கையை நீட்டினாள். உதடு துடித்ததே தவிர ஒரு வார்த்தை வரவில்லை. அக்காவின் கையும் இன்னும் மடங்கவில்லை. இரண்டும் ஒரே வார்ப்பு. அதே நீண்ட விரல்கள், அதே சற்றே வளைந்த சுண்டுவிரல்.

அவள் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். பின் அவர்கள் இருவரையும் விலக்கிக்கொண்டு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள்போல வேகமாக உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அதன் முன்னால், கூடத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள்.