மூன்றாவது மைக்

பர்னியிலிருந்து ஸ்மித்டன் வரை, டாஸ்மேனியாவின் அந்த வடக்குக் கரையில் பாட்டுக் குழு வைத்திருந்த எல்லோருக்கும் கெல்வினைத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் பப்புகளிலும் கால்பந்து கிளப்புகளிலும் ஒலிக்கலவை மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒலி பார்த்தவர். பகலில் மரச் சாமான் கிடங்கில் வேலை, வாரக் கடைசியில் இது. பெரிய விலை கொடுக்க வழியில்லாதவர்கள் அவரைத்தான் கேட்பார்கள். எந்த மைக் மலிவு, எது மலிவாகத் தெரிந்தாலும் மோசமில்லை, எதை வாங்கினால் ஆறு மாதத்தில் தூக்கிப் போட வேண்டியிருக்கும் என்று பட்டென்று சொல்லிவிடுவார். சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

அதனால் ரேலீனும் அவள் தம்பி டாரிலும் ஒரு சிடி இசைத்தட்டு போடுவது என்று முடிவு செய்தபோது வேறு யாரையும் யோசிக்கவில்லை. ரேலீனுக்கு ஐம்பத்து மூன்று வயது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. இருபது வருடமாக எழுதிச் சேர்த்த பாட்டுகள் அவளிடம் இருந்தன. அதில் ஒன்பதை மட்டும் பதிவு செய்ய வேண்டும். டாரிலின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட் இருந்தது, கிதார் ஒலியைப் பெருக்க ஒரு பழைய வால்வு ஆம்ப் இருந்தது. இல்லாதது இரண்டு நல்ல மைக். அவள் பாட ஒன்று, அவன் கிதார் ஆம்புக்கு முன்னால் வைக்க ஒன்று. இரண்டும் சேர்ந்து நானூறு டாலருக்குள் முடிய வேண்டும்.

"நீயே வந்து பாத்து எடுத்துக் குடுத்திரு, கெல். நான் போனா அழகா இருக்கிறதைத்தான் வாங்குவேன்" என்றாள் ரேலீன்.

"முதல் புருஷனையும் அப்படித்தானே எடுத்தே" என்றான் டாரில். அவள் கையிலிருந்த துணியால் அவன் தலையில் ஒரு போடு போட்டாள்.

டெவன்போர்ட்டில் இருந்த கடைக்கு மூன்று பேரும் போனார்கள். கடைக்காரப் பெண் பொறுமைசாலி. மூன்று மைக்குகளைத் தண்டில் மாட்டி வைத்தாள். முதல் இரண்டும் மேடையில் கையில் பிடித்துப் பாடும் சாதாரண டைனமிக் வகை. மூன்றாவது மெல்லிய ஒலியையும் பிடிக்கிற கண்டென்சர். பருமனாக, தங்க நிற வலையோடு, படத்தில் பார்க்கிற ஸ்டுடியோ மைக் போலவே இருந்தது. விலையும் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ரேலீன் ஒரே பாட்டின் நாலு வரியை மூன்றிலும் பாடினாள். கெல்வின் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார்.

முதல் இரண்டிலும் அவள் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. சொற்களின் ஓரமெல்லாம் மழுங்கிக் கிடந்தன. மூன்றாவதில் பாடியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு சொல்லும் பளிச்சென்று வந்து விழுந்தது. அவள் பாட்டை இவ்வளவு தெளிவாகக் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது என்று தோன்றியது.

"இதுதான்."

"மேல் ஒலி, கீச்சுனு வர்றது, கொஞ்சம் கூரா இருக்கும் அதுல. 'ஸ' வர்ற இடமெல்லாம் சுள்ளுனு குத்தும். தகரக் கூரைக்குக் கீழன்னு வேற சொல்றீங்க, தூரத்து மழையைக்கூட இழுத்துக்கும்" என்றாள் கடைக்காரப் பெண்.

"முப்பத்திரண்டு வருஷமா இதைத்தாம்மா பண்றேன்."

ரேலீன் தயங்கினாள். "எனக்கு முதல்ல பாடினதுதான் பிடிச்சுது, கெல். அதுல என் குரல் என் குரலாவே இருந்துச்சு."

"உன் குரல் வெளிய இருக்கிறவனுக்கு எப்படிக் கேக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்? என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?"

அவள் சிரித்துக்கொண்டே கையை விரித்தாள். மூன்றாவது மைக்கை வாங்கினார்கள். கிதாருக்கு விலை குறைந்த டைனமிக் ஒன்று. அதில் யாருக்கும் பேச்சில்லை.

தன் காதைப் பற்றிக் கெல்வினுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்ல முடியாது. போன வருடம் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு சூடாக்கி முடித்ததும் பீப் என்று கூவுவதை நிறுத்தியது. கெட்டுப்போய்விட்டதென்று அதைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார். புதியதும் கூவவில்லை. இந்தக் காலத்தில் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை என்று அலுத்துக்கொண்டார். வேலிப் புதரில் சின்ன நீலக் குருவிகள் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்ப்பார், சத்தம் வராது. அதைப் பற்றி மேலே யோசிக்காமல் உள்ளே போய்விடுவார். காதுதான் போய்விட்டது என்று ஒரு நாள் ஒத்துக்கொண்டால் கெல்வின் என்ற ஆளில் மிச்சம் என்ன இருக்கும்? மனைவி பிரிந்துபோய்ப் பத்து வருடம். பிள்ளை இல்லை. கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ணுகிற ஒரு கிழவன், அவ்வளவுதான்.

மழையில்லாத நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவு நடந்தது. கிதாருக்கான மைக்கை ஆம்ப் ஸ்பீக்கரின் நட்டநடுவில் ஒட்டினாற்போல வைத்தார் கெல்வின். ஓரமாக நகர்த்தினால் சத்தம் மங்குகிறது என்றார்.

"நடுவுல வெச்சா பல் டாக்டர் மெஷின் மாதிரி கேக்குதுய்யா" என்றான் டாரில்.

"அது உன் கிதாரு. மைக்கைச் சொல்லாதே."

கலவை செய்தபோது மேல் ஒலியை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அப்போதுதான் அவருக்குத் திருப்தியாக இருந்தது. டாரில் முகத்தைச் சுளித்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. கெல்வின் சொல்லிவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர்களுக்குப் பல வருடப் பழக்கம்.

புல்தரையில் பந்து உருட்டி ஆடுகிற கிளப்பின் கூடத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் வெளியீடு. அறுபது பேர் வந்திருந்தார்கள். முதலில் இசைத்தட்டைப் போட்டுக் கேட்பது, பிறகு மேடையில் பாடுவது என்று ஏற்பாடு. ரேலீன் நீலச் சட்டையில், சாண்ட்விச் தட்டோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தாள்.

பாட்டு தொடங்கியதும் கெல்வின் சுவரில் சாய்ந்து கூட்டத்தைப் பார்த்தார். ஒருத்தி தோளைக் குறுக்கினாள். இன்னொருத்தர் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டாவது பாட்டின் நடுவில் பார் பையன் யாரையும் கேட்காமல் போய்ச் சத்தத்தைக் குறைத்தான். மூன்றாவதில் மறுபடி குறைத்தான். கடைசியில் பேச்சுச் சத்தத்துக்குக் கீழே பாட்டு எங்கேயோ கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ரேலீன் சாண்ட்விச் தட்டைக் கையில் ஏந்தியபடி கூடத்தின் நடுவில் நின்றாள். எல்லோரும் கை தட்டினார்கள், அன்பாகத்தான் தட்டினார்கள். பதினோரு இசைத்தட்டு விற்றது. அன்று மேடையில் அவள் மூன்று பாட்டோடு நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஊர் வானொலியில் ஒரு பாட்டைப் போட்டார்கள். ஒரு நிமிடம் போகுமுன் மெல்லத் தணித்துவிட்டு வானிலைக்குப் போனார்கள்.

அன்று மாலை அவள் கெல்வின் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வராமல் கதவருகிலேயே நின்றாள்.

"பொய் சொல்லாம சொல்லு கெல். என் குரல் போயிடுச்சா? நானே கேட்டேன். அடிப்பிடிச்ச சட்டியைச் சுரண்டுற மாதிரி இருக்கு. இத்தனை வருஷமா இப்படித்தான் பாடிட்டிருந்தேனா? ஒருத்தரும் சொல்லலையா?"

அந்தக் கணத்தில் மைக்ரோவேவும் குருவிகளும் சத்தத்தைக் குறைத்த பார் பையனும் எல்லாம் சேர்ந்து கெல்வினின் மனதில் வந்து நின்றன. சொல்லியிருக்கலாம். தப்பு மைக்கிலோ என்னிலோ இருக்கலாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"வயசாகத்தானே செய்யும், ரே" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். "ஆமா. நன்றி கெல். நீயாவது சொன்னியே" என்று சொல்லிவிட்டு, இருட்டத் தொடங்கியிருந்த தெருவில் நடந்து போனாள்.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. இல்லத்தில் சனி, ஞாயிறு வேலையையும் வாங்கிக்கொண்டாள். பாத்திரம் கழுவும்போதுகூட அவள் முனகுவதில்லை என்று டாரில் ஒரு நாள் கடையில் பார்த்தபோது சொன்னான். விற்காத இசைத்தட்டுகள் ஷெட்டில் பெட்டியோடு கிடந்தன. கெல்வின் அந்தத் தெருப் பக்கம் போவதை விட்டார்.

ஆகஸ்டில் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஒன்று பின்னோக்கி வந்து அவரை இடித்துத் தள்ளப் பார்த்தது. அது பீப், பீப் என்று கத்திக்கொண்டுதான் வந்ததாம். ஓட்டியவன் வெலவெலத்துப் போய் இறங்கினான். மேலாளர் அன்றைக்கே காதுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

பரிசோதித்த பெண் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினாள். கோடு பாதி தூரம் சமமாக வந்து, பிறகு பாறை விளிம்பிலிருந்து விழுந்தது மாதிரி கீழே போயிருந்தது.

"கீழ் ஒலியெல்லாம் பரவாயில்ல, கெல்வின். மேல இருக்கிறதுதான் போயிருக்கு. திடீர்னு போனதில்ல, ஏழெட்டு வருஷமாவது ஆகியிருக்கும். வீட்டுல யாரும் சொல்லலையா?"

"வீட்டுல யாரும் இல்ல."

பழகிப் பார்க்கச் சொல்லி இரண்டு கருவிகளைக் காதில் பொருத்தி அனுப்பினாள். வெளியே வந்ததும் கெல்வின் அப்படியே நின்றுவிட்டார். மழைக்கு இத்தனை ஊசிமுனைகள் இருந்ததை மறந்தே போயிருந்தார். கையிலிருந்த காகித உறை பொரிந்தது. சட்டைக் கை உரசிய சத்தம் கேட்டது. காரில் ஏறி, இருக்கைக்கடியில் கிடந்த ரேலீனின் இசைத்தட்டை எடுத்துப் போட்டார்.

ஒவ்வொரு 'ஸ'வும் பிளேடு மாதிரி வந்தது. கிதார் கண்ணாடியைக் கீறியது. ஆனால் அதற்கெல்லாம் அடியில், அத்தனை கீறலுக்கும் உள்ளே, ரேலீனின் குரல் முழுசாக இருந்தது. கொஞ்சம் கனத்து, கொஞ்சம் இருண்டு, முப்பது வயதில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. நிறுத்திவிடலாம் என்று கை நீண்டது. நிறுத்தவில்லை. ஒன்பது பாட்டையும் கேட்டு முடிக்கும்போது கார் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் முதியோர் இல்லத்தின் பின்வாசலுக்குப் போனார். ரேலீன் இடைவேளையில் கவிழ்த்த பால்கூடை மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் காதைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அட, எங்க இல்லத்து ஆளுங்க கூட்டத்துல சேந்துட்டியா? உள்ள வா, மசிச்ச உருளைக்கிழங்கு இருக்கு."

"ரே, உன் குரலுக்கு ஒண்ணுமில்ல."

"என்னது?"

அவர் சொன்னார். வரைபடத்தை, கடைக்காரப் பெண் சொன்னதை, தான் மேல் ஒலியை ஏற்றியதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். "எனக்குக் கேக்காததை எல்லாம் நான் ஏத்திக்கிட்டே போயிருக்கேன். உனக்குப் பிடிச்ச மைக்குதான் சரியானது. அந்தச் சத்தம் உன்னுது இல்ல. என்னோட காது அது."

அவள் கோப்பையைத் தரையில் வைத்தாள்.

"மைக்கை விடு. தப்பா எடுத்தே, சரி, யாருக்கும் நடக்கும். உன் வீட்டு வாசல்ல வந்து கேட்டேனே, வயசாகத்தானே செய்யும்னு சொன்னியே. அன்னிக்கு உனக்குத் தெரியுமா?"

"உறுதியாத் தெரியாது."

"நான் அதைக் கேக்கல."

கெல்வின் தரையைப் பார்த்தார். "சந்தேகம் இருந்துச்சு."

"அஞ்சு மாசம் கெல். அஞ்சு மாசமா ராத்திரி படுத்தா இருபது வருஷமா எந்தெந்த மேடையில யார் யார் என்னைப் பாத்துப் பாவப்பட்டிருப்பாங்கன்னு கணக்கெடுத்துட்டிருக்கேன். நான் உனக்கு நன்றி வேற சொன்னேன்."

"ரே..."

"போ. உள்ள மதியச் சாப்பாடு எடுத்து வைக்கணும்."

கதவை அவள் அறைந்து சாத்தவில்லை. சாதாரணமாகச் சாத்திக்கொண்டு போனாள். அதன் தாழ் விழுந்த சத்தம் புதுக் காதில் துல்லியமாகக் கேட்டது.

கெல்வின் தன்னிடமிருந்த பழைய டைனமிக் மைக் ஒன்றைத் துடைத்து, டாரில் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். கிதாருக்கு ஸ்பீக்கரின் நடுவை விட்டு இரண்டு விரல் ஓரமாக வை என்று ஒரு சீட்டு. வேறு எதுவும் எழுதவில்லை. பதிவைத் திருத்த முடியுமா என்று சில வாரம் முயன்றும் பார்த்தார். கூர்மையை வெட்டினால் சொல்லும் சேர்ந்து போனது. வெட்டுவது சரியா என்று தீர்மானிக்கவும் காதுக் கருவியைத்தான் நம்ப வேண்டியிருந்தது. விட்டுவிட்டார்.

நவம்பரில் டாரில் வந்தான். வேலியோர முட்செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த கெல்வினிடம் ஒரு தட்டை நீட்டினான்.

"நீ வெச்சுட்டுப் போன மைக்குல மூணு பாட்டு மறுபடி எடுத்தோம். நான் கெஞ்சி உக்கார வெச்சேன். ஒன்பதும் முடியாதுன்னுட்டா. வெளிய எங்கயும் பாட மாட்டாளாம். கேளு."

"அவளுக்குத் தெரியுமா நீ இங்க வந்தது?"

"தெரியாது."

சமையலறையில் உட்கார்ந்து கேட்டார்கள். கிதார் உருண்டையாக, சூடாக வந்தது. சொல்லெல்லாம் வலிக்காமல் விழுந்தன. ஆனால் ரேலீன் ஈரத்தரையில் நடக்கிறவள் போலப் பாடினாள். உச்சிக்குப் போக வேண்டிய இடங்களில் பாதியிலேயே இறங்கினாள். 'ஸ' வருகிற ஒவ்வொரு சொல்லையும் பல்லுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கணம் நின்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மூன்று பாட்டும் பிழையில்லாமல் முடிந்தன.

"எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லு" என்றான் டாரில்.

கெல்வின் மேசை மேல் கையை விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட பயப்படுறா டாரில். மைக்குல ஒண்ணும் குறையில்ல."

டாரில் தட்டை எடுத்து உறையில் போட்டான். தேநீர் போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றான். அவன் கார் கிளம்பும் சத்தமும், சரளையில் திரும்பும் சத்தமும், மலைச் சாலையில் ஏறுகிற சத்தமும் வெகுதூரம்வரை தெளிவாகக் கேட்டன. பிறகு கெல்வின் இரண்டு கருவிகளையும் கழற்றி மேசையில் வைத்தார்.