சந்தனம் வைத்த கிளாம்பு

காவிரி டெல்டாவில் கிருமி நுழையாத இடம் ஒன்றே ஒன்றுதான்: வலங்கைமானில் சாரங்கபாணி நடத்தும் மோர் பாக்கெட் ஆலையின் நிரப்பும் இயந்திரம். இதை அறிவித்தவரும் சாரங்கபாணிதான் என்பதால் மாற்றுக்கருத்து எதுவும் பதிவாகவில்லை.

பாக்கெட்டுகளுக்கு மட்டும் இது தெரியவில்லை. மூன்றாம் நாளே கடைகளில் உப்பி நின்றன. லேப் சோதனையில் மாதிரிப் பாக்கெட் இரண்டு முறை தோற்றது. மூன்றாவதும் தோற்றால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆலையை மூடச் சொல்லிவிடுவார்கள்.

தரம் பார்க்கப் புதிதாகச் சேர்ந்திருந்த ஆர்த்தி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். கையைக் கழுவிக்கொண்டு, மோர் வரும் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினாள்.

"என்னம்மா, மெஷினுக்கு நாடி பாக்குறியா?" என்றார் சாரங்கபாணி.

"வழுக்குது சார். சுத்தமான எவர்சில்வர்னா விரல் பட்டா கிரீச்சுங்கும். இந்தக் கிளாம்பைக் கழட்டணும்."

குழாயின் இரண்டு துண்டுகளை இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கிளாம்பின் மேல், போன ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டித்திருந்தன. பொட்டு கலையக் கூடாதென்று ஏழு மாதமாக யாரும் அதைக் கழற்றவில்லை. துடைத்தவர்களும் சுற்றி வளைத்தே துடைத்தார்கள்.

"தினமும் சுடுதண்ணி ஓடுது, குளோரின் ஓடுது. இன்னும் என்ன, தேச்சுக் குளிப்பாட்டணுமா?"

"ஆமா சார்."

"சாமி குத்தமாயிடும்மா."

"சாமிக்கு மறுபடி பொட்டு வச்சுக்கலாம் சார். லேப்ல மறுபடி தோத்தா விடமாட்டாங்க."

சாரங்கபாணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கழட்டு" என்றார்.

ரப்பர் வளையத்தின் அடியில் வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு படலம். ஆர்த்தி அதில் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டாள். சோடா மாதிரி பொங்கியது.

"கிருமி கூட்டமா வீடு கட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கு சார். குளோரின் அதுக்குக் கூரை மேல பெய்யுற மழை. தேச்சாத்தான் போகும்."

குழாயை எல்லா இணைப்பிலும் பிரித்தார்கள். காரக் கரைசலில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, கடைசியாகத்தான் குளோரின். ரப்பர் வளையங்கள் புதியவை.

ஐந்தாம் நாள் லேபிலிருந்து போன் வந்தது. மாதிரி தேறிவிட்டது. சாரங்கபாணி போனை வைத்துவிட்டு, பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் ஆலை மோரில் இரண்டு பாக்கெட் குடித்தார். இரண்டு மாதமாக அவர் வீட்டிலிருந்துதான் மோர் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆர்த்தி வந்தபோது பொட்டு சுவிட்ச் பெட்டிக்குக் குடிபெயர்ந்திருந்தது. கிளாம்பு கழன்று தட்டில் கிடந்தது. முழங்கை வரை ஈரத்தோடு, குழாய்க்குள் விரலை விட்டு, கிரீச்சென்று கேட்கிறதா என்று காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார் சாரங்கபாணி.

ஆர்த்தி சத்தம் காட்டாமல் வாசலிலேயே நின்றுகொண்டாள்.