சோளக்காட்டில் இருபது நிமிஷம்

எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு என்பது இரண்டு கட்டில், ஒரு டாக்டர், நான்கு நர்சு. அதில் மூத்தவள் நான். இருபத்தேழு வருஷத்தில் இந்த ஊரில் நடமாடும் பாதிப் பேரை முதலில் தூக்கியது என் கைதான். அந்த வார்டை டிசம்பர் முப்பத்தொன்றோடு இழுத்து மூடப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். மூடினால் அடுத்த பிரசவ ஆஸ்பத்திரிக்கு நூற்றுப் பத்து மைல். பக்கத்து மாவட்டத்தில் ஏற்கெனவே மூடியாகிவிட்டது. போன குளிர்காலத்தில் அங்கிருந்து கிளம்பிய ஒரு பெண்ணுக்கு பெட்ரோல் பங்க் வாசலில், கார் பின் சீட்டில் பிரசவமானது. குழந்தை பிழைத்தது அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

இதற்கு ஒரே வழி நான்காம் கேள்வி. எங்கள் நெப்ராஸ்கா மாநிலம் முழுக்க நவம்பர் தேர்தலில் வாக்காளர்களிடமே கேட்டார்கள்: சின்ன ஊர்ப் பிரசவ வார்டுகளை மாநிலச் செலவில் காப்பாற்றலாமா, வேண்டாமா? பிரசாரத்தை நடத்திய காரெட் என்ற ஆள் மாநிலத் தலைநகர் லிங்கனிலிருந்து ஒரே ஒரு தடவை எங்கள் ஊருக்கு வந்தார். உங்கள் பக்கம் வாக்காளரைவிட மாடுகள்தான் அதிகம், பெருநகரம் ஒமாஹாவில் ஜெயித்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பார்த்தே சொன்னார். எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது.

ஆனால் குற்றம் எங்கள் பக்கமும் உண்டு. தபாலில் ஓட்டுப் போடலாம், முன்கூட்டியே போடலாம், எல்லா வசதியும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் செய்ய மாட்டார்கள். தபால் ஓட்டு படுக்கையில் கிடப்பவனுக்கு என்று ஒரு வீம்பு. அன்றைக்கே, லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தள வாக்குச்சாவடிக்கு நேரில் போய், நாலு பேரைப் பார்த்துப் பேசிப் போட்டால்தான் அது ஓட்டு.

அந்த வருஷம் அக்டோபர் முழுக்க மழை. மக்காச்சோளம் முற்றி நிற்கிறது, நிலம் சேறு, அறுவடை மெஷினை இறக்க முடியவில்லை. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் காற்று திரும்பி மண் காய்ந்தது. செவ்வாய்க்கிழமை வெயில், புதன்கிழமை பனி கொட்டும் என்று வானிலைச் செய்தி. தேர்தல் செவ்வாய்க்கிழமை. ஊரே சோளக்காட்டுக்குள் இறங்கிவிட்டது.

எனக்கு அன்றைக்கு விடுப்பு. பகல் பன்னிரண்டுக்கு ஓட்டுப் போடப் போனேன். வாக்குச்சாவடியைப் பார்த்துக்கொள்ளும் டோரீன் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். அறுநூற்று நாற்பது பேரில் எழுபத்தொருவர்தான் வந்திருந்தார்கள்.

"எட்டு மணிக்கு மூடிருவேன் மார்லிஸ். வரிசையில நின்னா விடுவேன். காட்டுல நின்னா விட முடியாது" என்றாள்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். எதிரே ரோட்டில் ஒரு பிக்கப் வண்டி போனது. பின்னால் பிளாஸ்க்கும் மூடி போட்ட தட்டுகளும். யாரோ காட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். அப்போதுதான் உறைத்தது.

எங்கள் பக்கம் அறுவடையில் மெஷின் நிற்காது. சாப்பாடு கொண்டுபோகிறவர் சும்மா நின்று பார்ப்பதும் கிடையாது. ஓட்டுகிறவன் இறங்கி வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து சாப்பிடுவான், கொண்டுபோனவர் ஏறி இரண்டு சால் ஓட்டிக் கொடுப்பார். இருபது நிமிஷம். என் அம்மா ஓட்டினாள், பன்னிரண்டு வயதிலிருந்து நானும் ஓட்டினேன். அந்த இருபது நிமிஷத்தை நாற்பதாக்கினால் ஒரு ஆள் தேவாலயத்துக்குப் போய்த் திரும்பிவிடலாம்.

முதலில் என் வார்டு நர்சுகளைக் கூப்பிட்டேன். பிறகு பள்ளிக்கூட பஸ் டிரைவர், மாட்டு டாக்டர், கடைசியில் பாதிரியாரையும். மெஷின் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் சாப்பாட்டோடு காட்டுக்குப் போங்கள், ஆளை இறக்கி அனுப்புங்கள், யாருக்கு ஓட்டு என்று மட்டும் கேட்காதீர்கள் என்றேன். அப்புறம் எங்களைப் போலவே மூடப்போகிற பதினோரு ஆஸ்பத்திரிகளின் பிரசவ நர்சுகளுக்குப் போன் போட்டேன். பயிற்சி வகுப்புகளில் பழகியவர்கள், விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஒருத்தி பாதியிலேயே போனை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

மூன்று மணிக்குள் நான் இரண்டு மெஷினில் ஏறி இறங்கியிருந்தேன். மூன்றாவது காடு வெர்லின் ஸ்ட்ரோவுடையது. எழுபத்திரண்டு வயது, கஞ்சன், வாயைத் திறந்தால் வரியைத் திட்டுகிறவர். நான்காம் கேள்விக்கு எதிராக அவர் வேலியில் ஆளுயரப் பலகை வைத்திருந்தார். வண்டியைத் திருப்பிவிடலாமா என்று தோன்றத்தான் செய்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் எஞ்சினை நிறுத்தாமல் யோசித்தேன். யாரையும் கேட்காதே என்று ஊருக்குச் சொன்னவள் நான்தானே. இறங்கினேன்.

கிழவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தார். ஆளை மாற்றிவிட வந்திருக்கிறேன், போய் ஓட்டுப் போட்டுவிட்டு வாருங்கள் என்றேன்.

"ஏம்மா, நான் எதுல குத்துவேன்னு தெரியுமில்ல?"

"தெரியும். உங்க பலகை ரெண்டு மைலுக்கு அப்பாலயே தெரியுது."

"தெரிஞ்சுமா வந்த?"

"சாப்பாடு கொண்டாரவ அதையெல்லாம் பாப்பாளா? சில்லிக் குழம்பு பிளாஸ்க்குல இருக்கு, இனிப்பு ரொட்டி காகிதத்துல சுத்தியிருக்கு. போற வழியில தின்னுங்க. இறங்குங்க பெருசு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். பன்னிரண்டு வரிசை வெட்டும் புது மெஷின், உள்ளே விமானம் மாதிரி பொத்தான்கள். கோணல் போட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று கீழேயிருந்து கத்திவிட்டுப் போனார்.

முக்கால் மணி நேரத்தில் திரும்பினார். நான் வெட்டிய வரிசைகளைப் பார்த்தார். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

"எதிர்த்துத்தான் போட்டேன்" என்றார்.

"சரி" என்றேன்.

"மேற்கால காட்டுல என் மகன்க ரெண்டு பேரு, மருமகளுக ரெண்டு பேரு. காலையிலருந்து இறங்கல. அவளுக எதுல போடுவாளுகன்னு எனக்குத் தெரியும். நான் போய் ஒருத்தர் மாத்தி ஒருத்தரா அவங்க மெஷின்ல உக்காந்துக்கிறேன். நீ இங்கயே ஓட்டு."

நான் மறுபடி மெஷினில் ஏறினேன். கிழவர் ஏற்கெனவே பிக்கப்பில் ஏறியிருந்தார்.

எட்டு மணிக்கு தேவாலயத்து வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. தலையில் சோளத்தூசி, பூட்ஸில் காட்டு மண். டோரீன் வெளியே வந்து கடைசி ஆளின் தோளைத் தொட்டு, இவருக்குப் பின்னால் யாரும் இல்லை என்று சத்தமாக அறிவித்தாள். அறுநூற்று நாற்பதில் ஐந்நூற்று எண்பத்தெட்டு.

புதன்கிழமை காலை மாநிலக் கணக்கில் நாங்கள் மூவாயிரம் ஓட்டு பின்னால் இருந்தோம். தொலைக்காட்சியில் ஒருவர் நான்காம் கேள்வி தோற்றுவிட்டது என்றே சொல்லிவிட்டார். ஆனால் பனி கொட்டிப் பாதை அடைத்திருந்தது. பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து எங்கள் பக்கத்து ஓட்டுப்பெட்டிகள் அப்போதுதான் மாவட்டத் தலைநகரங்களுக்கு வந்துகொண்டிருந்தன. யார் கண்ணிலும் படாத பன்னிரண்டு மாவட்டங்கள். மூவாயிரம் ஆயிரத்தைந்நூறானது, பிறகு அறுநூறானது.

வியாழக்கிழமை மத்தியானம் நான் வேலையில் இருந்தேன். டெஸா என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம், வலி நான்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகி ஓடி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரக்கூடாது என்று கையைக் காட்டினேன். அவர் அங்கிருந்தே சொன்னார்:

"நானூத்தி ஏழு. நம்ம பக்கம் நானூத்தி ஏழு ஓட்டு ஜாஸ்தி. எண்ணி முடிச்சாச்சு மார்லிஸ்."

என் கை டெஸாவின் பிடியில் இருந்தது. விட முடியாது. அப்படியே நின்று தேம்பினேன். ஒமாஹாவையும் லிங்கனையும் மீறி, வாக்காளரைவிட மாடு அதிகமான ஊர்க்காரர்கள் நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

டெஸா வலி அடங்கி மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வார்டு மூடலியா?"

"மூடல."

"அப்ப ரெண்டாவதும் இங்கதான்" என்றாள்.

முதலில் இதைப் பெற்றெடு தாயே என்றேன். அடுத்த வலி வந்துவிட்டது.