கொழுத்த குட்டிகள் முதலில் விழுந்தன

மூன்றாம் பட்டியில் இருமல் நின்றுவிட்டது. ஆனால் ஆட்டுக்குட்டிகள் எழுந்து நிற்கவில்லை.

பண்ணையை நடத்துபவள் அண்ணி. கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். காலையில் அவள் கதவைத் திறந்தபோது பத்தொன்பதில் பத்து வைக்கோலில் கிடந்தன. காய்ச்சல் இல்லை. கண்ணும் தெளிவு. குரல் கொடுத்தால் முன்காலை ஊன்றின. பின்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்றின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. விழுந்தவை எல்லாம் கொழுத்த குட்டிகள். நோஞ்சான்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

"நோய்னா நோஞ்சானைத்தானே முதல்ல பிடிக்கும்?"

கொழுந்தன் தீவன மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினான். "இது பெரிய இடமா பாத்துப் போகுற நோய் போல, அண்ணி."

"இப்ப சிரிச்சே, பல்லைத் தட்டிடுவேன்."

இரண்டாம் பட்டியில் நாற்பது குட்டிகள். நேற்று மாலை அங்கேயும் இருமல் தொடங்கியிருந்தது. மூன்றாம் பட்டிக்கு நாலு நாளாகக் கொடுத்த அதே இருமல் மருந்துத் தண்ணீர் அவற்றுக்காகவும் வாளியில் தயாராக இருந்தது. கொடுத்தால் இதே கதிதானா? கொடுக்காவிட்டால் சளி நெஞ்சில் இறங்கிவிடும்.

அவள் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டாள்.

"என்னென்ன மருந்து குடுக்கறீங்க?"

"நீங்க எழுதிக் குடுத்த இருமல் மருந்து மட்டும்தான், டாக்டரம்மா. நாலு நாளா. அளவு மாறல."

"மருந்து எழுதின அன்னைக்கும் வேற மருந்து எதுவும் இல்லைன்னுதான் சொன்னீங்க. சரி, அதைக் குடிச்சும் விழாத குட்டி எது? அதைப் பாருங்க. நான் கிளம்பறேன்."

நோஞ்சான்களைத் தவிர விழாதது புட்டிக்குட்டி ஒன்றுதான். தாய் ஒதுக்கியதால் பால் மட்டும் குடித்து எடைமேடைக்குப் பக்கத்தில் வளர்வது. அதே மருந்தை நாலு நாளாகப் பாலில் குடித்தும் துள்ளிக்கொண்டிருந்தது. அப்படியானால் மருந்து மட்டும் காரணமில்லை. நோஞ்சான்களும் அதே தண்ணீரைத்தான் குடித்தன. ஆனால் தீவனத் தொட்டியில் கொழுத்தவை அவற்றை இடித்துத் தள்ளிவிடும். கொழுத்தவற்றுக்கு மட்டும் அதிகமாகப் போனது எது?

கொழுந்தன் தொட்டியில் தீவனத்தைக் கொட்டினான். சத்தம் கேட்டு, நின்றிருந்த ஒரு குட்டி ஓடி வந்தது. பாதி வழியில் விழுந்தது. மறுபடி அசையவே இல்லை.

"நிறுத்துடா!"

அண்ணி மூட்டையைப் புரட்டினாள். தையலோடு சேர்த்து ஒரு சின்னச் சீட்டு: 'குடல் ஒட்டுண்ணித் தடுப்பு மருந்து சேர்க்கப்பட்டது.'

"அது தீவனம் அண்ணி. அதை யாரு மருந்துன்னு சொல்லுவா? மூணு வருஷமா போடறோம், ஒரு குட்டிக்கும் ஒண்ணும் ஆகல."

அதுதான் நடந்தது. மூட்டையில் வருவது தீவனம், பாட்டிலில் வருவது மருந்து என்பது அந்தப் பண்ணையின் கணக்கு. அதனால்தான் மருத்துவர் இரண்டு முறை கேட்டும் பதில் ஒன்றாகவே வந்தது.

அண்ணி மறுபடி போன் போட்டு அந்தச் சீட்டைப் படித்துக் காட்டினாள்.

"அன்னைக்கே மூட்டையைக் காட்டச் சொல்லியிருக்கணும்," என்றாள் டாக்டரம்மா. "அந்தத் தடுப்பு மருந்தைக் கல்லீரல் தினமும் உடைச்சு வெளியே தள்ளிடும். அதனாலதான் மூணு வருஷமா ஆபத்தில்ல. இந்த இருமல் மருந்து கல்லீரலோட கையைக் கட்டிப் போட்டுடும். நேத்து தின்னது போகாது, இன்னைக்குத் தின்னது மேல ஏறும். அதிகம் தின்னது முதல்ல விழும். ஏறினது தசையைக் கரைக்கும், சிறுநீர் கறுக்கும். இதயமும் தசைதானே. நிக்கறதை ஓட விடாதீங்க."

"விழுந்ததுங்க?"

"சிலது பிழைக்கும். எதுன்னு என்னால சொல்ல முடியாது."

அடுத்த பட்டியில் நாற்பதும் இருமிக்கொண்டிருந்தன. அண்ணி வாளியைத் தூக்கித் தனி அறையில் வைத்துப் பூட்டினாள்.

"இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க."

டாக்டரம்மா சொன்னபடி மூன்றாம் பட்டியில் தீவனம், இருமல் மருந்து இரண்டையும் நிறுத்த வேண்டும்: தொட்டியைக் காலி செய்து, புல்லும் வெறும் தண்ணீரும் மட்டும். இரண்டாம் பட்டி அந்த இருமல் மருந்தை இன்னும் குடிக்காததால் அங்கே தீவனம் அப்படியே இருக்கலாம்; இருமலுக்கு, கல்லீரலைத் தடுக்காத வேறு மருந்தை டாக்டரம்மா கொண்டுவந்து ஊசியாகப் போடுவாள்.