ஏழு துறை, ஒரு லைன்

குளிர் அறைகளைப் பழுதுபார்க்கும் அந்தக் கடையில் மொத்தம் மூன்று பேர்: முதலாளி, அவர் மனைவி, ஒரு மெக்கானிக். முதலாளி என்ற பட்டம் அவரே தனக்குச் சூட்டிக்கொண்டது. மனைவி அதை மறுத்ததில்லை, பயன்படுத்தியதும் இல்லை.

ஐஸ்கிரீம் தொழிற்சாலை மேனேஜர் வருடாந்திரப் பராமரிப்பு வேலையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். கிடைத்தால் மூன்று பேருக்கும் வருடம் முழுக்கக் கவலையில்லை. பழைய ஆள் போனை எடுக்காமல் விட்டதில் ஒரு அறை ஐஸ்கிரீம் உருகி வாசல்வரை ஓடியிருந்தது. அதனால் ஒரே ஒரு நிபந்தனை.

"திங்கக்கிழமை காலைல கூப்பிட்டுப் பார்ப்பேன். உடனே எடுத்தீங்கன்னா வேலை உங்களுக்கு."

அன்றிலிருந்து நம்மவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்டர்நெட் போன் வாங்கியே தீருவது என்று முடிவாயிற்று. விற்க வந்தவர் லேப்டாப்பைத் திறந்துவைத்து, பொறுப்பாகத்தான் கேட்டார்.

"ஒரே நேரத்துல எத்தனை கால் வரணும் சார்? ஒரு லைனா, நாலு லைனா?"

"லைன் ஒண்ணு போதும். துறை எத்தனை வெச்சுக்கலாம்?"

"அது எத்தனை வேணும்னாலும் வெச்சுக்கலாம் சார்."

ஏழு வைத்தார். விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும், புகாருக்கு இரண்டை அழுத்தவும் என்று போய் மனிதவளத்தில் நின்றது. மனிதவளம் என்பது மெக்கானிக்தான்.

"ஏங்க, எந்த நம்பரை அழுத்தினாலும் நான்தானே எடுக்கப்போறேன்? எதுக்கு ஏழு?" என்றாள் மனைவி.

"பெரிய கம்பெனின்னா அப்படித்தான். உனக்குப் புரியாது."

அவருக்கு மட்டும் புரிந்துவிட்டதாக்கும். வரவேற்புக் குரலும் அவருடையதே. கம்பீரமாக எதிரொலிக்கட்டும் என்று குளியலறைக்குள் நின்று பதிவு செய்தார். லைன் கிடைக்காதபோது வரும் அறிவிப்பையும் விடவில்லை: "எங்கள் அதிகாரிகள் அனைவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்."

திங்கட்கிழமை காலை, புதுப் போனுக்கு முன்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். நம்மவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின்பக்கம் போய், எதற்கும் சோதித்துவிடலாம் என்று செல்போனிலிருந்து தன் கடைக்கே கூப்பிட்டார். எந்த எண்ணையும் அழுத்தாவிட்டால் வரவேற்பு திரும்பத் திரும்ப ஒலிக்கும். அழுத்த மனசு வரவில்லை. என்ன குரல், என்ன நிதானம்! வெட்கத்தை விட்டுச் சொன்னால், இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது மனைவி முறைத்தாள்.

"ஒரு கால்கூட வரலை. இவ்வளவு நேரம் யாரோட பேசிட்டிருந்தீங்க?"

"என்னோடதான்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு விஷயம் உறைத்தது. இருந்த ஒரே லைனில் அவரே குடியிருந்திருக்கிறார்.

உடனே மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் கோபப்படவில்லை. மரியாதையாகவே பேசினார். அதுதான் இன்னும் வலித்தது.

"நாலு தடவை கூப்பிட்டேன் சார். அத்தனை அதிகாரிகளும் பிஸி. இவ்வளவு பெரிய கம்பெனிக்கு எங்க வேலையெல்லாம் ஒரு பொருட்டா இருக்காது. சின்னதா ஒருத்தரைப் பிடிச்சுட்டோம். அவரே போனை எடுக்கறார்."

நம்மவர் வாழ்நாளில் முதல்முறையாக உண்மையைச் சொன்னார்.

"சார், நானும் சின்ன ஆள்தான் சார். மொத்தமே மூணு பேர்தான் சார்."

மறுமுனையில் மேனேஜர் மனம் நெகிழ்ந்துபோனார்.

"பெரிய மனுஷங்கதான் சார் இப்படி அடக்கமாப் பேசுவாங்க" என்று வாழ்த்திவிட்டு வைத்தார்.