காலி சுவாதீனம்

வீடு பார்க்கத் தொடங்கிய பிறகுதான் பத்திரங்களுக்கென்று தனியாக ஒரு தமிழ் இருப்பது இஃபாத்துக்குத் தெரிந்தது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பிரிபடாத பங்கு, சுவாதீனம். வேதியியல் படித்தவள், ஒவ்வொரு சொல்லையும் கைப்பேசியில் தேடிப் புரிந்துகொண்டாள். ஆனால் வெளியாள் முன்னால் அவளுக்குப் பேச்சு வராது. கேட்க வேண்டியதை வாப்பாவின் காதில் சொல்வாள். வாப்பா சேக் அலாவுதீன் அதைத் தனக்கே தோன்றியதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார்.

அவர்கள் குடும்பங்களில் பெண் பேரில் ஒரு வீடு இருந்தால்தான் நிக்காஹுக்கு நாள் குறிப்பார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். துபாயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஷகீலின் வீட்டார், நெரவியில் இவர்கள் இருக்கும் ஓட்டுவீடு வேண்டாம், காரைக்கால் டவுனுக்குள் பள்ளிவாசல் பக்கமாக இருந்தால் நல்லது என்று தன்மையாகத்தான் சொல்லியனுப்பினார்கள். நெரவி வீட்டை விற்று, அந்தப் பணத்தில் டவுனில் ஒன்று வாங்கி, இஃபாத் பேரில் பதிவு செய்வதென்று முடிவாயிற்று. உம்மாவும் வாப்பாவும் அவளோடேயே இருந்துகொள்வார்கள். அதை விட்டால் அவர்களுக்கு வேறு கூரை கிடையாது. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தரகர் தமிழ்ச்செல்வன் விழிதியூர்க்காரர். எந்த வீட்டைக் காட்டினாலும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகிற தூரம்தான் என்பார்.

"நீங்க நடந்து பாத்திருக்கீங்களா?" என்று வாப்பா ஒருநாள் கேட்டார்.

"என்கிட்டதான் வண்டி இருக்கே பாய்."

முதலில் ஓர் அடுக்குமாடி வீடு. கீழே உள்ள மண்ணில் நம் பங்கு எவ்வளவு என்று இஃபாத் கேட்கச் சொன்னாள். தமிழ்ச்செல்வன் சொன்ன கணக்கில் ஒரு கட்டில் போடும் அளவுக்குத்தான் நிலம் வந்தது. அடுத்த வீட்டுக்குத் தாய்ப்பத்திரம் இல்லை. மூன்றாவதாகப் பார்த்தது பள்ளிவாசலுக்குப் பின்தெருவில், நடுவில் சின்ன முற்றம் வைத்த வீடு. விலையும் கைக்கு எட்டியது.

அந்த வீட்டில் சித்திக்கா மாமி தனியாக இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. விருந்தாளிகளை அழைத்துப் போவதுபோல ஒவ்வோர் அறையாகக் காட்டினார். மழைக்கு இறுகிக்கொள்ளும் சன்னலை எப்படித் தட்டித் திறப்பது என்று இஃபாத்தையே திறக்கச் சொல்லிப் பழக்கினார். விற்கிறவர்கள் யார் யார் என்று இஃபாத் வாப்பாவிடம் முணுமுணுத்தாள்.

தமிழ்ச்செல்வன் விவரம் சொன்னார். வீடு மாமியின் ஒரே மகள் பேரில் இருந்தது. மகள் பிள்ளையில்லாமல் காய்ச்சலில் போய்விட்டாள். மார்க்கச் சட்டப்படி அவள் கணவருக்குப் பாதி, தாய்க்கு மூன்றில் ஒன்று, மிச்சம் மாமியின் மறைந்த கணவருடைய தம்பிக்கு. மருமகனுக்கு வேறு இடத்தில் நிக்காஹ் ஆகிவிட்டது. அவர் தன் பங்கைக் கேட்கிறார். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. மாமிக்கு மற்றவர்கள் பங்கை வாங்க வசதியில்லை.

"வில்லங்கம் ஒண்ணும் கிடையாது பாய். பதிவு அன்னிக்கே காலி சுவாதீனம்."

அந்தச் சொல்லை இஃபாத் படித்திருந்தாள். உள்ளே ஆளோ பொருளோ இல்லாமல் வீட்டை ஒப்படைப்பது. இப்போது அந்த ஆள் தேநீர்த் தட்டோடு அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"மூணுல ஒண்ணு எனக்கும் இருக்குதாம்மா," என்றார் மாமி. "எந்த மூணுல ஒண்ணுன்னு கேட்டேன். அப்புடிப் பிரிச்சுக் காட்ட முடியாதாம். எல்லாச் செங்கல்லுலயும் இருக்குதாம்."

மகளுக்கு வீட்டை எழுதிக்கொடுத்த கதையையும் அவரே சொன்னார்.

"பத்திரம் எழுதுறவரு அன்னிக்கே கேட்டாரு. ஒங்க ஹயாத்து, உசுரு உள்ளவரைக்கும் இந்த வூட்டுல இருக்கலாம்னு ஒரு வரி சேத்துக்கவான்னு. எனக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு. எம் புள்ள வூட்டுல நான் இருக்குறதுக்கு யாருகிட்ட எழுதி வாங்கணும்னு கேட்டுட்டேன்."

இனி எங்கே போவீர்கள் என்று வாப்பா கேட்டதற்கு, நாகூரில் தங்கச்சி இருக்கிறாள் என்றார். தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் அடுக்கியபடி, அது தங்கச்சி தன் மகளுக்கு எழுதிக்கொடுத்த வீடு என்றும் சொன்னார்.

நெரவிக்குத் திரும்பும் வழியெல்லாம் வாப்பா முற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் இஃபாத் தன் பேரோடு உம்மா பேரையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்றாள். வாப்பா மறுக்கவில்லை. உம்மா சஃபியாதான் அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"எம் பேரு எதுக்கு?"

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிட்டா, மாப்பிள்ளைக்குப் பாதி போயிரும் உம்மா. மிச்சம் பாதியில எங்க இருப்பீங்க?"

உம்மா ஈரக்கையால் மகளின் வாயைப் பொத்தினாள். "நிக்காஹு வச்ச புள்ள போடுற கணக்கா இது?"

ரெண்டு பேரைப் பத்திரத்தில் பார்த்தால் சம்பந்திகள் என்ன நினைப்பார்கள் என்றாள். மகளை நம்பாத தாய் என்பார்களா, மருமகனை நம்பாத மாமியார் என்பார்களா என்றாள். அன்றைக்கு உம்மா சாப்பிடவில்லை. அடுத்து வந்த நாள்களிலும் எதையாவது நினைத்துக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே பாத்திரங்களை மூட்டை கட்டினாள். இஃபாத் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள் என்று இருவரும் நினைத்தார்கள்.

பதிவு நாளன்று ஆவண எழுத்தரின் அறையில் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஷகீலின் தாயாரும் வந்திருந்தார். சித்திக்கா மாமி ஓரமாக, மடியில் ஒரு பையோடு இருந்தார். எழுத்தர் பத்திர நகலை உரக்கப் படித்தார். வாங்குபவர் இஃபாத், தகப்பனார் சேக் அலாவுதீன்.

"உம்மா பேரையும் சேக்கணும்," என்றாள் இஃபாத்.

யார் காதிலும் சொல்லாமல், அறைக்கே கேட்கும்படி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. எழுத்தர் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா சம்பந்தியின் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"கல்யாணப் பயம், வேற ஒண்ணுமில்ல. நீங்க படிங்க."

இஃபாத் சித்திக்கா மாமியைப் பார்த்தாள். அந்த அறையில் இதைச் சொல்ல வேறு யாருக்குத் தகுதி இருக்கிறது? ஒரு வார்த்தை சொன்னால் போதும், உம்மா கேட்டுக்கொள்வாள். மாமிக்கும் அது புரிந்தது.

"அந்த ஒரு வரிய சேக்கவான்னு இப்ப கேட்டாலும் நான் அன்னிக்குச் சொன்னதத்தாம்மா சொல்லுவேன்," என்றார் மெதுவாக. "பெத்தவளால வேற மாதிரி சொல்ல முடியாது. நீ கையெழுத்துப் போடு."

எழுத்தர் எந்தப் பேரையும் சேர்க்காமல், விட்ட இடத்திலிருந்து நான்கு எல்லைகளையும் படித்து முடித்தார். விற்பவர்கள் கையெழுத்திட்டார்கள். பிறகு எழுத்தர் காகிதங்களை இஃபாத் பக்கமாகத் தள்ளி, இடத்தைக் காட்டினார்.

அவள் பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். உம்மா எழுந்துபோய் சித்திக்கா மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்திருந்தாள். இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இஃபாத் கையெழுத்துப் போட்டாள்.